தொலைநோக்கி முதுகில் ஒரு குட்டிக் கணினி: மதுரை வானத்துக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி

மதுரையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. கையை நேரே நீட்டி விரல்களை மடக்கினால், முட்டியின் அகலம் ஏறத்தாழ அந்தப் பத்து டிகிரி. அந்த ஒரு முட்டி இடத்துக்குள் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க், ஒரு தென்னை, ஒரு செல்போன் டவர், அதற்கும் அப்பால் அழகர் மலை, எல்லாம் வந்து நின்றுகொள்ளும். மிச்சத்தைப் புழுதி பார்த்துக்கொள்ளும். தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக்க, அதன் துருவக் குழாயில் கண்ணை வைப்பதென்றால் மொட்டை மாடித் தரையில் ஏறக்குறையப் படுக்க வேண்டும். நான் இரண்டு வருடம் அப்படிப் படுத்தேன். கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அந்தத் தொல்லை ஒழிந்தது, தொலைநோக்கியின் முதுகில் உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றைக் கட்டி வைத்த பிறகுதான். கேமரா, நட்சத்திரம் விலகாமல் பார்த்துத் திருத்தும் கைடு கேமரா, மவுண்ட் எல்லாவற்றின் ஒயரும் அந்தக் கணினிக்குள் போய்விடும். கீழே இறங்குவது ஒரே ஒரு கரண்டு ஒயர். கணினிக்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. அதன் திரையை வைஃபை வழியாக உங்கள் லேப்டாப்பிலோ போனிலோ பார்த்து ஓட்டுவீர்கள். நீங்கள் கீழே கட்டிலில் இருக்கலாம். ஊருக்கு வெளியே தோப்பில் என்றால் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கொசு இல்லாமல் உட்காரலாம்.

கண்காணித்துச் சுழலும் மவுண்ட், சின்னத் தொலைநோக்கி, கேமரா ஆகிய மூன்றும் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதுவரை லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துப் படம் எடுத்திருந்தால் போதும்; இங்கே சொல்லும் எதுவும் எட்டாத விஷயம் இல்லை.

எதை வாங்குவது

மூன்று வழி உண்டு. ஏசியேர் என்ற சிவப்புப் பெட்டி: வாங்கி மாட்டினால் உடனே ஓடும். ஆனால் அதே நிறுவனத்தின் வானியல் கேமராக்களையும் சில டிஎஸ்எல்ஆர் கேமராக்களையும் மட்டுமே ஏற்கும். இரண்டாவது, ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி: குறைந்த மின்சாரத்தில் ஓடும், லினக்ஸில் கேஸ்டார்ஸ், ஈகோஸ் என்று அருமையான மென்பொருள்கள் உண்டு. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பழகியவர்கள் தாராளமாக அதற்குப் போகலாம். மூன்றாவது, விண்டோஸ் ஓடும் மினி பிசி.

புதிதாக வருபவருக்கு நான் சொல்வது மினி பிசிதான். ராத்திரி ஒரு மணிக்கு ஏதாவது மக்கர் செய்தால், நமக்குப் பழகிய விண்டோஸில் மவுஸை வைத்தே சரிசெய்துவிடலாம். எந்த நிறுவனத்தின் கேமராவுக்கும் டிரைவர் கிடைக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முதலாவது, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். அதில் 12 வோல்ட் என்று இருக்க வேண்டும். சில மாடல்கள் 19 வோல்ட் கேட்கும். அதை வாங்கிவிட்டால் பேட்டரிக்கும் அதற்கும் நடுவே இன்னொரு பெட்டி வைத்து அழ வேண்டியிருக்கும். இன்டெல் என்100 பிராசஸர் இந்த வேலைக்குத் தாராளம். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். குறைந்தது நான்கு யூஎஸ்பி ஓட்டை இருக்கட்டும். விண்டோஸ் 11 ப்ரோவா ஹோமா என்று கேட்டு வாங்குங்கள். ப்ரோவில்தான் ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தக் கணினிக்குள் நுழைய முடியும். ஹோம் இருந்தால் ரஸ்ட்டெஸ்க் போன்ற இலவச மென்பொருளை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் மானிட்டர் இல்லாத கணினியில் அந்த வகை மென்பொருள்கள் கறுப்புத் திரையையோ தபால்தலை அளவுத் திரையையோ காட்டும். மானிட்டர் இருப்பதுபோல ஏமாற்றும் ஒரு ஹெச்டிஎம்ஐ டம்மி பிளக் வாங்கிச் சொருக வேண்டிவரும்.

கரண்டு: பாதி வேலை இங்கேதான்

வானப் படக்காரர்கள் 'கேமரா அடிக்கடி டிஸ்கனெக்ட் ஆகுது' என்று புலம்பினால், பத்தில் எட்டுப் பேருக்குக் கோளாறு கேமராவில் இருக்காது. ஒயரில்தான் இருக்கும்.

முதலில் கணக்கு. மினி பிசி 10 முதல் 15 வாட். குளிரூட்டும் கேமரா முழு வேகத்தில் குளிர்விக்கும்போது 30 வாட்டைத் தொடும். மவுண்ட், பனி படியாமல் காக்கும் ஹீட்டர் பட்டை, சின்ன ரூட்டர் எல்லாம் சேர்த்து சராசரி 50 வாட் என்று வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு 300 வாட்-மணி. 12.8 வோல்ட், 40 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 512 வாட்-மணி இருக்கிறது, நிம்மதியாக ஓடும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிப் போகும் யோசனை வந்தால் முதுகெலும்பை நினைத்துப் பாருங்கள். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுளும் போகும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டரில் 230 வோல்ட் ஆக்கி, அடாப்டரில் திரும்ப 12 ஆக்குவதும் வேண்டாத வேலை. இரண்டு தடவையும் கொஞ்சம் கரண்டு சூடாகவே போய்விடும்.

மாடியில் என்றால் சிசிடிவிக்கு விற்கும் 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை 12 வோல்ட் ஆக்கும் பெட்டி) போதும். பனி படாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள், காற்றுக்கு இரண்டு பக்கமும் கீழ்நோக்கித் துளை போட்டு. 230 வோல்ட் ஒயர் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது.

அடுத்து ஒயரின் தடிமன். கடையில் 'பன்னெண்டு வோல்ட்டுதானே, இது போதும் சார்' என்று ஸ்பீக்கர் ஒயர் மாதிரி ஒன்றைத் தருவார்கள். அது 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வைப்போம். மூன்று மீட்டர் நீளம், போக வர ஆறு மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 0.21 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். எஸ்எம்பிஎஸ்ஸில் 12 இருக்கும். கேமராவில் 11கூட இருக்காது. கூலர் வேகம் எடுக்கிற நொடியில் கேமரா செத்துப் பிழைக்கும், நீங்கள் டிரைவரைத் திட்டுவீர்கள். அதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். வீட்டு வயரிங்குக்குப் பயன்படுத்துகிற அளவு அது, எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட மறக்காதீர்கள். காருக்குப் போடும் 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் சரியாக இருக்கும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயர் சிவந்து உருகும்.

கடைசியாக அந்த வட்டப் பின். இதில்தான் நான் மாட்டினேன். வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் உள்துளை சிலவற்றில் 2.1, சிலவற்றில் 2.5. கேமராக்களில் பெரும்பாலும் 2.1 வரும், மினி பிசிக்களில் 2.5 நிறையப் பார்க்கலாம். 2.1 பின்னை 2.5 சாக்கெட்டில் சொருகினால் ஏறாது, உடனே தெரிந்துவிடும். ஆபத்து எதிர்ப்பக்கம்: 2.5 பின்னை 2.1 சாக்கெட்டில் சொருகினால் ஏறும், விளக்கும் எரியும், ஆனால் உள்ளே லொடலொடவென்று ஆடும். தொலைநோக்கி ஒரு பக்கம் பார்க்கும்வரை சரியாக இருக்கும். நடு இரவில் மறுபக்கம் திரும்பும்போது பின் அரை மில்லிமீட்டர் சாய்ந்து தொடர்பு விடும். மூன்று வாரம் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள் மத்தியானம் தற்செயலாக விரல் பட்டு விளக்கு அணைந்தபோதுதான் விளங்கியது. இப்போது 2.5 பின் எல்லாவற்றிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறேன்.

லித்தியம் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது 14 வோல்ட்டுக்கு மேல் ஏறும். சார்ஜரை மாட்டியபடி மினி பிசியை ஓட்டாதீர்கள். முடிந்தால் மினி பிசிக்கு மட்டும் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் டிசி கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் வையுங்கள்.

விண்டோஸை அடக்கி வைப்பது

இந்தப் பகுதியை வீட்டு டிவியை மானிட்டராக்கி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

கணினியைப் போட்டவுடன் டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்து, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போங்கள். சில மாடல்களில் எஃப்2. அங்கே கரண்டு வந்ததும் தானாக ஆன் ஆகும்படி ஒரு அமைப்பு இருக்கும். பல மினி பிசிக்களில் அது 'ஸ்டேட் ஆஃப்டர் ஜி3' என்ற புரியாத பெயரில் ஒளிந்திருக்கும். அதை 'எஸ்0' என்று மாற்ற வேண்டும். இதைச் செய்துவிட்டால், இருட்டில் தொலைநோக்கியின் முதுகைத் தடவிப் பவர் பொத்தானைத் தேட வேண்டாம். ஒயரைச் சொருகினால் கணினி எழுந்துவிடும்.

பிறகு விண்டோஸுக்குள். அக்கவுண்ட்ஸ் பகுதியில் 'வானம்' என்றோ வேறு பெயரிலோ ஒரு லோக்கல் அக்கவுண்ட் உருவாக்கி, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி, பாஸ்வேர்டு போடுங்கள். நான்கு இலக்கப் பின் நம்பர் ரிமோட் டெஸ்க்டாப்பில் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்டும் செல்லாது. கணினிக்கு எளிய பெயர் வையுங்கள். சிஸ்டம் பகுதியில் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்யுங்கள்.

பவர் பகுதியில் ஸ்லீப் எப்போதும் வேண்டாம் என்று வையுங்கள். பழைய கன்ட்ரோல் பேனலுக்குள் பவர் ஆப்ஷன்ஸில் போனால் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று ஒன்று இருக்கும். அதையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் கரண்டை மிச்சப்படுத்துகிறேன் என்று உங்கள் கைடு கேமராவைத் தூங்க வைக்கும். விண்டோஸ் அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கலாம். நிலவு பெரிதாக இருக்கும் வாரத்தில் நீங்களே உட்கார்ந்து அப்டேட்டைப் போட்டுவிட்டு, திரும்ப ஐந்து வாரம் நிறுத்துங்கள். அமாவாசை ராத்திரியில் 'உங்கள் கணினி மறுதொடக்கமாகிறது' என்ற நீலத் திரையைப் பார்ப்பது கொடுமை.

நடுவில் வைஃபை

மினி பிசியே ஒரு ஹாட்ஸ்பாட் போட்டுவிடாதா என்று தோன்றும். போடும், இன்டர்நெட் இருந்தால். விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட் பகிர்ந்துகொள்ள ஏதாவது ஒரு இணைப்பு இல்லாவிட்டால் ஆன் ஆக மறுக்கும். வீட்டில் சோதிக்கும்போது ஜோராக ஓடும், தோப்பில் போய்க் காலை வாரும்.

அதனால் ஒரு சின்ன ட்ராவல் ரூட்டர் வாங்கிவிடுங்கள். தீப்பெட்டிக் கட்டு அளவு இருக்கும்; 5 வோல்ட்டில், மினி பிசியின் யூஎஸ்பி ஓட்டையிலேயே ஓடும். அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. மினி பிசியை லேன் ஒயரில் ரூட்டரோடு இணைத்துவிட்டால் கம்பியில்லாப் பயணம் ஒரே ஒரு தாவல்தான், ரூட்டரிலிருந்து உங்கள் லேப்டாப்புக்கு. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் மினி பிசிக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி ஒதுக்கி வையுங்கள். என்னுடையது 192.168.8.10. அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மினி பிசியின் மேலேயே ஒட்டியிருக்கிறேன், ஞாபகத்தை நம்பாமல்.

இங்கே மூன்று பொறி இருக்கிறது. ஒன்று, புதிய நெட்வொர்க்கை விண்டோஸ் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொள்ளும். 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். இரண்டு, இன்டர்நெட் இல்லாத வைஃபை என்று தெரிந்ததும் ஆண்ட்ராய்டு போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். 'இருந்தாலும் இணைப்பில் இரு' என்று கேட்கும்போது ஆமாம் சொல்ல வேண்டும், அல்லது டேட்டாவை அணைத்துவிட வேண்டும். மூன்று, யூஎஸ்பி 3 ஒயர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும். ரூட்டரைக் கேமரா ஒயருக்குப் பக்கத்தில் கட்டினால் வைஃபை திணறும். தோப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் வையுங்கள். மாடியிலிருந்து கீழ் அறைக்கு என்றால் கான்கிரீட்டைத் தாண்ட 2.4தான் ஆகும், ரூட்டரைக் கேமரா ஒயரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. முகவரியைப் போடுங்கள், பெயர், பாஸ்வேர்டு, அவ்வளவுதான். போனுக்கும் மைக்ரோசாஃப்டின் செயலி இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும்: வேலை முடிந்து வெளியே வரும்போது மேலே இருக்கும் பெருக்கல் குறியை அழுத்துங்கள். 'சைன் அவுட்' கொடுத்தால் மினி பிசியில் ஓடிக்கொண்டிருக்கும் படப்பிடிப்பும் அதோடு செத்துவிடும். பெருக்கல் குறி ஜன்னலை மூடுகிற மாதிரி. உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

மென்பொருள்

எல்லாம் இலவசம். வரிசை முக்கியம். முதலில் ஏஸ்காம் பிளாட்ஃபார்ம்; மவுண்ட், கேமரா, ஃபோகஸர் எல்லாம் விண்டோஸோடு பேசிக்கொள்ளும் பொது பாஷை அது. அடுத்து உங்கள் கேமரா நிறுவனத்தின் டிரைவரும் ஏஸ்காம் டிரைவரும், கேமராவைச் சொருகும் முன்பே. பிறகு மவுண்டின் டிரைவர். ஸ்கைவாட்சர் மவுண்ட் என்றால் ஜிஎஸ் சர்வர் அல்லது ஈக்யூமாட்.

கைடிங்குக்கு பிஎச்டி2. வானத்தை அடையாளம் காண ஆஸ்டாப். ஆஸ்டாப்போடு டி50 என்ற நட்சத்திரப் பட்டியலையும் வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். கொஞ்சம் பெரிய கோப்பு, நத்தம் ரோட்டில் சிக்னலைத் தேடி இறக்க முடியாது. கடைசியாக நினா. எல்லாவற்றையும் ஒருங்கிணைத்து மேய்க்கும் மேய்ப்பன் அது.

நினாவின் ஆப்ஷன்ஸில் உங்கள் இடம்: அட்சரேகை 9.92 வடக்கு, தீர்க்கரேகை 78.12 கிழக்கு. இரண்டுமே கூட்டல் எண்கள். நேரம் இந்திய நேரமாக, உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்று கணினியில் இருக்கிறதா பாருங்கள். இதில் ஒன்று தவறினாலும் தொலைநோக்கி ஓரியனைத் தேடித் தரையைப் பார்க்கும். குவியத் தூரத்தையும் கேமராவின் பிக்சல் அளவையும் சரியாகக் கொடுங்கள். ஆஸ்டாப் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. பிக்சல் அளவை 206 ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செகண்ட் (டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) என்று வரும். 3.76 மைக்ரான் பிக்சல், 400 மில்லிமீட்டர் குவியத் தூரம் என்றால் 1.94. இந்த எண்ணை மனதில் வையுங்கள், கைடிங்கில் தேவைப்படும்.

எடுக்கப்போகும் படத்தில் எது விழும் என்று முன்கூட்டிக் காட்டும் நினாவின் ஃப்ரேமிங் பகுதி வானத்துப் படங்களை இன்டர்நெட்டிலிருந்து எடுக்கும். அதில் ஆஃப்லைன் வான வரைபடத்தைத் தேர்ந்து வையுங்கள். பிளக்இன் பகுதியில் 'த்ரீ பாயிண்ட் போலார் அலைன்மென்ட்' என்பதை நிறுவுங்கள். என் கழுத்தைக் காப்பாற்றியது அதுதான்.

பகலில் ஒத்திகை

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்கு, மூடி போட்ட தொலைநோக்கியோடு, எல்லா ஒயரையும் மாட்டி, டிவியைக் கழற்றிவிட்டு, கரண்டை மட்டும் கொடுங்கள். கணினி தானாக எழுகிறதா? போனில் திரை வருகிறதா? நினாவில் ஒவ்வொன்றாக இணைத்துப் பாருங்கள்: கேமரா, மவுண்ட், பிஎச்டி2. பிஎச்டி2வின் டூல்ஸ் மெனுவில் சர்வரை ஆன் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நினா அதனுடன் பேசாது. மூடி போட்டபடியே பத்துப் படம் எடுத்து, எஸ்எஸ்டியில் விழுகிறதா பாருங்கள்.

பிறகு மவுண்டை நான்கு திசையிலும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். எந்த ஒயர் இழுபடுகிறது, எது முக்காலிக் காலில் மாட்டுகிறது என்று வெளிச்சத்தில்தான் தெரியும். நம்மூரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மவுண்டின் அச்சு பத்து டிகிரிக்குச் சாய்ந்து கிடப்பதால், எதிர் எடைக் கம்பி முக்காலியின் வடக்குக் காலில் போய் இடிக்கும். ஒரு காலைத் தெற்கே திருப்பி, வடக்கு இரண்டு காலுக்கு நடுவே வரும்படி வைத்தால் பல மவுண்டுகளில் தப்பிக்கலாம். சிலவற்றில் முக்காலிக்கு மேலே அரையடி நீட்டுக் குழாய் போட்டே ஆக வேண்டும்.

முதல் இரவு

முதல் இரவை மாடியிலேயே வையுங்கள். வெளிச்சம் அதிகம்தான், ஆனால் மறந்த ஸ்க்ரூவை எடுக்கப் பத்து படி இறங்கினால் போதும்.

மவுண்டை வைக்கும் முன் போன் காம்பஸில் வடக்கைப் பாருங்கள். இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் காம்பஸ் பொய் சொல்லும், இரண்டடி தள்ளி நில்லுங்கள். சாய்வைப் போனின் மட்டம் பார்க்கும் கருவியில் பத்து டிகிரிக்கு வையுங்கள். உத்தேசமாக இருந்தால் போதும்.

ஃபோகஸுக்குப் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, ஃபோகஸ் சரியா என்று காட்டும் பாஹ்டினோவ் மூடி போட்டு, போன் திரையைப் பார்த்தபடி திருகுங்கள். பிறகு தொலைநோக்கியைக் கிழக்கிலோ மேற்கிலோ பாதி உயரத்தில், மரமோ சுவரோ மறைக்காத இடத்துக்குத் திருப்பி, போலார் அலைன்மென்ட் பிளக்இன்னை ஓட்டுங்கள். இதில் 'இப்போது இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கு' என்ற தேர்வைப் போட மறந்தால், அது துருவத்துக்குப் பக்கத்தில் போய்த் தேடும். நமக்கு அங்கே தண்ணீர் டேங்க்தான் இருக்கிறது. ஒரு படம் எடுக்கும், கொஞ்சம் நகரும், இன்னொரு படம், மறுபடி நகரும், மூன்றாவது படம். ஒவ்வொரு படத்திலும் உள்ள நட்சத்திரங்களை ஆஸ்டாப் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்று துல்லியமாகச் சொல்லும். இதைத்தான் ப்ளேட் சால்விங் என்கிறார்கள். மூன்று புள்ளி கிடைத்தால் ஒரு வட்டம். வட்டத்தின் நடுப்புள்ளிதான் உங்கள் மவுண்டின் அச்சு. அது உண்மையான துருவத்திலிருந்து மேலே கீழே எவ்வளவு, இடம் வலம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று திரையில் எண் வரும். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் மவுண்டின் திருகுகளை மெதுவாகத் திருக, எண் குறைந்துகொண்டே வரும். இரண்டு ஆர்க்மினிட்டுக்குள் (ஒரு ஆர்க்மினிட் என்பது டிகிரியில் 60-ல் ஒரு பங்கு) வந்தால் போதும், விட்டுவிடுங்கள். துருவ நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

பிஎச்டி2வை முதல்தடவை பழக்கும்போது வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வடக்கையும் தெற்கையும் தலைக்கு மேலாக இணைக்கும் உச்சக்கோட்டை ஒட்டிச் செய்ய வேண்டும் என்பார்கள். மதுரையில் அந்த இடம் ஏறக்குறையத் தலைக்கு மேல், தெற்கே கொஞ்சம் சரிந்து, 80 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கைடிங் பிழை, முன்பு சொன்ன அந்த 1.94 போன்ற எண்ணுக்குக் கீழே நின்றால் நட்சத்திரம் உருண்டையாக வரும்.

எதைப் படம் எடுப்பது? தை, மாசியில் ஓரியன் நெபுலா. திருவாதிரைக்குத் தெற்கே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே மங்கலாகத் தெரியும் பஞ்சு அது. நமக்கு 75 டிகிரி உயரத்துக்கு ஏறும். அவ்வளவு உயரத்தில் காற்று மண்டலத்தின் கலக்கம் குறைவு. ஆனால் உச்சியைத் தாண்டும்போது மவுண்ட் பக்கம் மாற வேண்டும். நினாவில் மெரிடியன் ஃப்ளிப்பை ஆன் செய்துவிட்டு, முதல்முறை அது நடக்கும்போது பக்கத்தில் போய் நின்று பாருங்கள்.

இரண்டு மூன்று இரவு மாடியில் பழகிய பிறகு ஊரைவிட்டு வெளியே போகலாம். வடக்கே நத்தம் பக்கம் போனால் மதுரையின் வெளிச்சத்துக்கும் நமக்கும் நடுவே அழகர் மலை நின்று மறைக்கும், வடக்கு வானம் நன்றாக இருக்கும். பங்குனி, சித்திரையில் ஒமேகா செண்டாரி நட்சத்திரக் கொத்து மாதிரித் தெற்கத்திச் சங்கதி வேண்டுமென்றால் எதிர்த்திசையில், பேரையூர் பக்கம் போவது நல்லது. நகர வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒமேகா செண்டாரி இங்கே 32 டிகிரி வரை ஏறுகிறது. லண்டன்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது.

முதன்முறை மாந்தோப்பில் அமைத்தபோது காவல்காரர் ஒருவர் டார்ச்சோடு வந்தார்.

"என்ன தம்பி, சர்வே எடுக்குறீகளா?"

"இல்லண்ணே, நட்சத்திரத்தப் போட்டோ எடுக்குறோம். டார்ச்ச மட்டும் கொஞ்சம் கீழ பிடிங்க."

காருக்குள் வந்து உட்கார்ந்து லேப்டாப் திரையைப் பார்த்தார். இரண்டு நிமிடப் படம் ஒன்று அப்போதுதான் இறங்கியது, நடுவே ஓரியன் நெபுலா இறக்கை விரித்த மாதிரி. தொலைநோக்கி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"அங்கிட்டு ஆளே இல்லாம அதுவா எடுக்குதாக்கும்?"

"ஆமாண்ணே."

"அப்ப நீங்க வீட்ல படுத்துக்கிட்டு அத மட்டும் இங்க அனுப்பியிருக்கலாம்ல."

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இன்னொரு காரணத்துக்காக ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்: இருட்டில் கிடக்கும் ஒயரை நாயும் எலியும் கடிக்கும். கரண்டு ஒயரைப் பிவிசி பைப்புக்குள் விட்டுத் தரையில் போடுங்கள். இறங்கி நடக்கும்போது ஷூவும் டார்ச்சும் கட்டாயம். தோப்பில் பாம்பு உண்டு.

பனியும் காற்றும்

மார்கழி, தையில் நள்ளிரவுக்கு மேல் லென்ஸில் பனி படியும். ஹீட்டர் பட்டையை மாலையிலேயே ஆன் செய்யுங்கள், படிந்த பிறகு காய்வதற்கு நேரமாகும். மினி பிசி தன் சூட்டிலேயே காய்ந்துகிடக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆடிக் காற்றில் கைடிங் கோடு ஈசிஜி மாதிரி ஆடும். அந்த மாதத்தை மென்பொருள் அப்டேட்டுக்கு ஒதுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு.

விடிவதற்கு முன்

கேமராவின் குளிரைப் படிப்படியாக இறக்கச் சொல்லி நினாவில் 'வார்ம்' கொடுங்கள். மவுண்டைத் தன் ஓய்வு நிலைக்குக் கொண்டுபோய் 'பார்க்' செய்யுங்கள். பிறகு ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவே விண்டோஸை ஷட்டவுன் செய்து, மினி பிசியின் விளக்கு அணைந்த பிறகு மட்டும் கரண்டைப் பிடுங்குங்கள். அவசரத்தில் முதலில் ஒயரைப் பிடுங்கி, 200 படம் இருந்த ஃபோல்டரைப் பாதியோடு இழந்த காலை ஒன்று எனக்கு உண்டு.

படங்களை வைஃபையில் லேப்டாப்புக்கு இழுக்க வேண்டாம். 26 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான வடிவம்) கோப்பு 52 எம்பி; 300 படம் என்றால் 15 ஜிபிக்கு மேல். வீட்டுக்கு வந்து ஒரு யூஎஸ்பி எஸ்எஸ்டியைச் சொருகி எடுத்துக்கொள்ளுங்கள். மினி பிசியை மட்டும் தொலைநோக்கியிலிருந்து கழற்ற வேண்டாம், அடுத்த தடவை அதே ஒயர் அதே ஓட்டையில் இருக்கும். பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.